மூன்று பனை உயரத்தில்

கீழச்செவல்மேட்டு ஏரோட்ரத்துக்கு மேலே, மூன்று பனையை ஒன்றின்மேல் ஒன்றாக நிறுத்தினால் எட்டக்கூடிய உயரத்தில், ஆவுடையின் தம்பி சங்கரலிங்கம் வந்த விமானம் நின்றுபோனது ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் நாலே காலுக்கு. மூக்கைக் கொஞ்சம் தாழ்த்தி, சக்கரங்களை நீட்டி, இறக்கை விளக்குகள் எரிய, வரப்பில் உட்கார வந்த கொக்கு உட்காராமலே யோசனையில் ஆழ்ந்துவிட்டதுபோல அது நின்றது, அன்றைக்கு நின்றது மறுநாளும் நின்றது, சித்திரை போய் வைகாசி வந்தபோதும் நின்றது, அதற்கப்புறம் ஊரில் யாரும் அதை நிமிர்ந்து பார்த்து வாய்பிளக்கவில்லை, வானத்தில் நிற்கிறதையே பார்த்துக்கொண்டிருந்தால் தரையில் காய்கிற வத்தலைக் கோழி கிளறிவிடும் அல்லவா.

அந்த ஏரோட்ரம் உலகச் சண்டைக் காலத்தில் வெள்ளைக்காரப் பட்டாளம் கரிசலை வெட்டிச் சரளையும் தாரும் கொட்டி நீட்டியது. சண்டை முடிந்ததும் பட்டாளம் போய்விட்டது, ஓடுபாதை கிடந்தது. சர்க்காருக்கு அது எங்கோ ஒரு கோப்பாக இருந்தது, ஊருக்கு அது களமாக இருந்தது. மாசி தொடங்கிச் சித்திரை முடிய ஒரு மைல் நீளத்துக்கு மிளகாய் வத்தல் சிவந்து கிடக்கும், உளுந்து அடிக்கிற காலத்தில் தூசி எழும்பும், புது மாப்பிள்ளை சீதன பைக்கை முதலில் ஓட்டிப் பார்ப்பது அங்கேதான், ஊரில் செத்தவர்கள் கடைசியாகக் கடந்து போவதும் அங்கேதான், ஏனென்றால் சுடுகாடு ஏரோட்ரத்துக்கு அந்தப் பக்கம் இருந்தது. பட்டாளம் வருவதற்கு முன்பே, வீட்டுக்கும் சுடுகாட்டுக்கும் நடுவழியில் பாடையை இறக்கி, தலைமாட்டையும் கால்மாட்டையும் மாற்றித் திருப்பி, மறுபடி தூக்குகிற இடம் ஒன்று இருந்தது. வெள்ளைக்காரன் அதன்மேல் தாரைக் கொட்டினான். ஊர் தாரின்மேல் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டுக்கொண்டு அதே இடத்தில் பாடையைத் திருப்பியது. பெண்கள் அந்தக் கோடு வரை வருவார்கள். அதற்கப்புறம் ஆண்கள் மட்டும்.

ஆவுடைக்கும் சங்கரலிங்கத்துக்கும் ஏழு வயது வித்தியாசம். இடுப்பில் தூக்கி வளர்த்த தம்பி, இறக்கிவிட்ட நாளிலிருந்து ஓடிக்கொண்டே இருந்தான். கோவில்பட்டிக்கு ஓடினான், சென்னைக்கு ஓடினான், கடைசியில் பம்பாயில் ஒரு பெரிய கம்பெனிக்கு நிர்வாக இயக்குநராகப் போய் உட்கார்ந்தான், உட்கார்ந்தும் ஓடினான், கல்யாணத்துக்குக்கூட நிற்கவில்லை. அந்தப் பதவிக்குச் சம்பளத்துக்கு மேலே தருகிற சலுகைகளில் ஒன்றாக எட்டுப் பேர் உட்காரும் விமானம் வந்தது. வந்த வாரமே அக்காளுக்குப் போன் போட்டான்.

“அக்கா, மதுரையில எறங்கி மூணு மணி நேரம் கார்ல வர்றதுக்குள்ள ஒரு நாளே போயிருது. நம்ம ஏரோட்ரத்துல எறங்க விட்டாங்கன்னா மாசாமாசம் வந்து அம்மா கையால சாப்பிட்டுட்டுப் போயிருவேன். ஊருக்கு ஆட்சேபணை இல்லைன்னு கையெழுத்து மட்டும் வாங்கித் தாயேன்.”

ஆவுடை வீடு வீடாக ஏறி இறங்கினாள். அடுத்த வீட்டு முப்பிடாதி, ஊரிலேயே அதிக மிளகாய் போடுகிறவள், பேனாவை வாங்கிக் காதில் சொருகிக்கொண்டு கேட்டாள்: “வத்தலை எங்கன காயப் போடச் சொல்லுதே மதினி, ஒந்தம்பி தலையிலயா?”

“மாசத்துல ஒரு நாள்தானட்டி வாரான்.”

“ஒனக்காகப் போடுதேன். அவனுக்காக இல்ல, ஆமா.”

எல்லாரும் ஆவுடைக்காகத்தான் போட்டார்கள். சர்க்கார் கோப்பு திறந்தது, பொது ஏரோட்ரம் ஒரு கம்பெனியின் உபயோகத்துக்குப் போனது, கம்பிவேலி வந்தது. வத்தல் போடக் கூடாது, ஆடு மேயக் கூடாது, குறுக்கே நடக்கக் கூடாது. சுடுகாட்டுப் பாதைக்கு மட்டும் ஒரு கதவு வைத்தார்கள். ஒரு மணி நேரத்துக்கு முன்னால் தகவல் சொன்னால் பிணத்துக்காகத் திறக்கப்படும், பிணத்தோடு வருகிறவர்கள் பிணம் போனதும் வெளியேறிவிட வேண்டும் என்று பலகையில் எழுதி மாட்டினார்கள். ஆவுடையின் சின்னையா சிவனணைந்தபெருமாள் பலகையை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, “ஆக, இந்த ஊர்ல உரிமை வேணும்னா சாவணும்” என்றார். கதவுக்கும் சைரனுக்கும் காவலாக உள்ளூர்ப் பலவேசத்தைப் போட்டு, காக்கிச்சட்டையும் விசிலும் கொடுத்தார்கள்.

நான்கு வருஷத்தில் விமானம் எத்தனையோ தடவை வந்தது, சங்கரலிங்கம் அம்மாவைப் பார்க்க வந்தது மூன்று தடவை. குற்றாலச் சாரலுக்கு விருந்தாளிகளை ஏற்றிக்கொண்டு வந்தது. கம்பெனித் தலைவரின் பெண்டாட்டி ஆசைப்பட்டாளென்று ஒரு கூடை நுங்குக்காக ஆளே இல்லாமல் வந்து, நுங்குக் கூடைக்கு பெல்ட் போட்டுவிட்டுப் போனது. குற்றாலத்தில் யாரோ மறந்துவைத்த மூக்குக்கண்ணாடிக்காக ஒரு தடவை. சைரன் ஊதும்போதெல்லாம் அம்மா குருவம்மாள் முந்தானையை உதறிக்கொண்டு எழுந்திருப்பாள். கண்ணாடிக்கும் எழுந்திருந்தாள், நுங்குக்கும் எழுந்திருந்தாள்.

அந்த அம்மா ஒரு சித்திரைச் செவ்வாய்க்கிழமை மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தவள் எழுந்திருக்கவில்லை. ஒரே மகன், அவன் வராமல் எடுக்க முடியாது. ஐஸ் பெட்டி வந்தது. இந்தா கிளம்பிட்டேன் என்றான் செவ்வாயன்று, மீட்டிங் முடியுது என்றான் புதனன்று, வியாழன் சாயங்காலம் அஞ்சு மணிக்கு நிச்சயம் என்றான். கரண்டு போய்ப் போய் வந்ததில் பெட்டி குளிர மறுத்தது. மூன்று மணிக்குச் சின்னையா அம்மாவைக் குளிப்பாட்டத் தண்ணீர் எடுத்துவரும் நீர்மாலைக்கு எழுந்துவிட்டார். “இன்னும் ரெண்டு மணி நேரம் சின்னையா” என்று ஆவுடை அவர் துண்டைப் பிடித்தாள். “சுடுகாட்டுக்கு வந்து மொகம் பாக்கட்டும் தாயி. ஏரோட்ரத்துல எறங்குனா நாலு எட்டு” என்றார் அவர்.

பலவேசம் கதவைத் திறந்தான். கோட்டின்மேல் பாடையை இறக்கி, திருப்ப ஆரம்பித்த நேரம். சொன்ன நேரத்துக்கு ஒருநாளும் வராத சங்கரலிங்கம் அன்றைக்கு விமானியை விரட்டி முக்கால் மணி நேரம் முன்னதாக வந்தான், சைரன் ஊத நேரமில்லை, மேற்கே கருவேலங்காட்டுக்கு மேலே திடீரென்று பெரிதாகி, சத்தத்துக்கு முன்னால் நிழல் வர, நிழலுக்கு முன்னால் காற்று வர, பாதைக்கு நேராக, பாடைக்கு நேராக, சுற்றி நின்ற அறுபது எழுபது சனத்துக்கு நேராக அது இறங்கியபோது, ஆண்கள் பாடையை விட்டு ஓடவும் முடியாமல் தூக்கவும் முடியாமல் குனிந்தபடியே உறைய, மேளக்காரன் அடியை நிறுத்த, ஆவுடை அம்மாவின் தலைமாட்டில் நின்று கையை உயர்த்தி, சின்ன வயதில் பஸ் ரோட்டுக்கு ஓடுகிறவனைக் கூப்பிட்ட அதே குரலில், “ஏலே சங்கரா, நில்லுலே!” என்று கத்தினாள்.

நின்றுவிட்டது. பிறந்ததிலிருந்து அவன் அக்காள் சொல்லைக் கேட்டது அந்த ஒரு தடவைதான் என்று ஊரில் பிற்பாடு சொல்லிக்கொண்டார்கள்.

சத்தமும் நின்றது. காற்றாடிகள் சுழன்றதாகவும் தெரியவில்லை, சுழலாததாகவும் தெரியவில்லை. ஒரு சன்னலில் மட்டும் வெளிச்சமும் ஒரு தலையின் கருப்பும் தெரிந்தன. ஆவுடை இடுப்பிலிருந்து போனை எடுத்து அடித்தாள். எடுத்தான்.

“வந்துட்டேன்க்கா, கீழ ஊரே தெரியுது. ரெண்டு நிமிஷம். அம்மா மொகத்தை மூடிராதீங்க.”

“சரிடா” என்றாள். முகம் மூடாமல்தான் இருந்தது.

சுண்ணாம்புக் கோட்டில் பாடையை வைத்துக்கொண்டு ஊர் காத்திருந்தது. வெயில் சாய்ந்தது. “நடுவழியில எறக்குன பாடையை இருட்ட விடக் கூடாது தாயி” என்று சின்னையா அவளிடம் சொன்னார், சொல்லும்போது அவளைப் பார்க்காமல் மேலே பார்த்துக்கொண்டார். ஆவுடையின் மகன் கொள்ளிச் சட்டியை வாங்கிக்கொண்டான். அவள் மற்றப் பெண்களோடு திரும்பினாள். கதவருகே நின்று பார்த்தபோது சுடுகாட்டில் எழும்பிய புகை நேராக ஏறி, மூன்று பனை உயரத்துக்குப் போய், விமானத்தின் வயிற்றில் மோதி இரண்டாகப் பிரிந்து, வெளிச்சமாயிருந்த அந்தச் சன்னலை ஒட்டிக் கடந்து போனது.

மறுநாள் காலை மறுபடி அடித்தாள்.

“என்னக்கா, இப்பத்தான வச்சே? ரெண்டு நிமிஷம்னு சொன்னேம்லா. பெல்ட்லாம் போட்டாச்சு.”

சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தாள். அதற்குள் அவன், “அம்மா மொகம் எப்படிக்கா இருக்கு?” என்று கேட்டான்.

“தூங்குத மாதிரி இருக்குடா” என்றாள் ஆவுடை.

அப்படித்தான் அது ஆரம்பித்தது. கீழே ஒரு நாள் போனால் மேலே ஒரு மூச்சுகூடப் போகவில்லை என்பது ஒரு வாரத்தில் அவளுக்குப் புரிந்துவிட்டது. அவன் இன்னும் அந்த வியாழக்கிழமை நாலே காலில் இருந்தான். அங்கே அம்மா இன்னும் எரியவில்லை. அங்கே அவன் இன்னும் தாமதமாகவில்லை. ஒரு வார்த்தை சொன்னால் போதும், மேலேயும் நேரம் நகர்ந்துவிடும், அவன் காலமெல்லாம் அம்மா முகத்தைப் பார்க்காத மகனாகிவிடுவான். சொல்லாமல் விட்டால் அங்கேயே நிற்பான். இரண்டில் எது பாவம் என்று யாரிடம் கேட்பது.

கலெக்டர் வந்தார், கம்பெனிக்காரர்கள் வந்தார்கள், டிவிக்காரர்கள் வந்து முப்பிடாதியை மட்டும் ஏழு தடவை பேட்டி எடுத்தார்கள். தீயணைப்பு வண்டியின் ஏணியை நீட்டினார்கள், அதைவிடப் பெரிய கிரேனைத் தூத்துக்குடியிலிருந்து கொண்டுவந்து நீட்டினார்கள். எவ்வளவு நீட்டினாலும் ஒரு முழம் குறைந்தது. விமானியின் மனைவி கோயம்புத்தூரிலிருந்து வந்து ஒரு வாரம் ஆவுடை வீட்டில் தங்கினாள், புருஷனோடு தினமும் பேசினாள், “எறங்கிட்டிருக்கேன், அப்புறம் பேசறேன்ங்கிறாரு. கல்யாணமான நாள்லருந்து இதைத்தான் சொல்றாரு” என்று சொல்லி, பிள்ளைகளுக்குப் பரீட்சை என்று திரும்பிப் போனாள். அதன் பிறகு எல்லாரும் போனார்கள். வேறெங்கோ வேறேதோ நடந்தது.

ஊர் போகவில்லை, எங்கே போகும்? காலையில் விமானத்தின் நிழல் கருவேலங்காட்டில் விழுந்தால் பள்ளிக்கூட வேன் வரும் நேரம், ஏரோட்ரத்தில் நேர் கீழே விழுந்தால் கஞ்சி நேரம், கிழக்கே கம்மாய்க் கரையில் ஏறினால் ஆடு திருப்பும் நேரம் என்று கணக்கு வைத்துக்கொண்டார்கள். இறக்கையில் மைனா உட்கார்ந்தது, வாலில் பருந்து கூடு கட்டியது. ஐப்பசி மழையில் சுற்றிலும் சேறாகிக் கிடக்க, அதன் அடியில் மட்டும் இறக்கையும் வாலுமாக ஒரு விமானத்தின் அளவுக்குக் காய்ந்த தரை இருந்தது. வெள்ளாடுகள் சிறகுக்குப் பத்தாக வரிசை கலையாமல் அங்கே நின்றன.

மேலே ஒன்று வழியை மறித்து நிற்கும்போது கீழே இன்னொன்று இறங்க முடியாது என்பதை முதலில் கண்டுபிடித்தது பலவேசம். விமானம் வராத ஏரோட்ரத்தில் சைரன் எதற்கு, கதவு எதற்கு? ஒருநாள் அவனே கதவைக் கழற்றி ஓரமாகச் சாத்தினான். அடுத்த வாரம் வேலியில் ஒரு கம்பி குறைந்தது, அதற்கடுத்த வாரம் ஒரு கல்தூண். ஆவணியில் ஒருத்தி கால் சாக்குக் கம்பங்கதிர் கொண்டுவந்து தட்டினாள். மாசி பிறந்தபோது ஒரு மைலும் சிவந்துவிட்டது. கமறலில் தும்மிக்கொண்டே பெண்கள் பழையபடி அவரவர் பாட்டன் காலத்து இடத்தில் வத்தலைப் பரப்பினார்கள், பலவேசம் கம்பெனி விசிலை ஊதிக் கோழி விரட்டினான்.

“ஒந்தம்பி நின்னு காக்கான் மதினி” என்றாள் முப்பிடாதி. “உள்ளபடிக்கே மனுசன்னா அவந்தான். நாலு வருசம் வாங்குனதை நின்னுக்கிட்டே திருப்பிக் குடுத்துட்டாம்லா.”

சொன்னவள் வெள்ளிக்கிழமை நேர் கீழே ஒரு தேங்காய் உடைத்தாள். மறுவாரம் ஏழு தேங்காய். ஆகாசக் காவக்காரன் என்று பேரும் வந்துவிட்டது. அவன் இறங்காமலிருந்தால் மணி கட்டுகிறேன் என்று யாரோ சுடலைமாடனிடம் நேர்ந்துகொண்டதாகவும், யாரென்று ஆவுடைக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்வதாகவும் பேச்சு. அவள் காதில் விழத்தான் செய்தது. தேங்காய்ச் சில்லு அவள் வீட்டுக்கும் வந்தது. குழம்பில் போட்டாள், என்ன செய்வாள்.

அதற்கு முன்பே, கார்த்திகையில், கம்பெனியிலிருந்து நிரஞ்சன் என்று ஒரு அதிகாரி வந்தான், நல்ல பையன், முப்பது வயதிருக்கும், செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தான்.

“மேடம், சாரோட பதவிக்காலம் செப்டம்பரோட முடிஞ்சுருச்சு. புது எம்.டி. வந்தாச்சு. விமானம் பதவிக்குத்தான், ஆளுக்கில்லை. பதவி முடிஞ்ச பிறகும் சார் உபயோகிச்சுட்டிருக்கிறதா ஆடிட்ல எழுதிட்டாங்க. இது விளக்கம் கேட்டு லெட்டர்.”

“உபயோகிக்கானா?” என்றாள் ஆவுடை.

அவன் சன்னல் வழியாக வானத்தைப் பார்த்தான். “எனக்குத் தெரியுது மேடம். ஃபாரத்துல அதுக்கு வேற கட்டம் இல்லை. நேர்ல குடுக்கணும், இல்லேன்னா கதவுல ஒட்டணும்.”

அம்மா வீட்டுக் கதவில் ஒட்டினான். ஒட்டிவிட்டு அவள் கொடுத்த மோரைக் குடித்தான். ஆவுடை அன்று தம்பிக்கு அடித்து, வேலையைப் பற்றி ஏதோ கேட்க வந்தவள் கேட்காமல், “அங்க எல்லாம் நல்லாப் போகுதாடா?” என்றாள். “போகுதுக்கா. இந்த வருசம் நம்மளைக் கேக்காம அங்க ஒரு கடுதாசி நகராது” என்றான் அவன்.

யாருக்கும் சொல்லாத ஒன்று அவளிடம் இருந்தது. இந்தப் பதினோரு மாதம்தான் தம்பி அவளோடு பேசியது. முன்னெல்லாம் அவள் ‘சாப்பிட்டியா’ என்பதற்குள் வைத்துவிடுவான். இப்போது மாட்டிக்கொண்டான், பெல்ட் போட்டு உட்கார்ந்தவன் எங்கே போவான்? வாரம் ஒரு தடவை அடித்தாள், அதற்குமேல் அடித்தால் “எத்தனை தடவைக்கா ஒரு நிமிசத்துக்குள்ள” என்று சலித்துக்கொள்வான். கஞ்சி நேரத்துக்கு நிழலில் போய் உட்கார்ந்து, அண்ணாந்து அந்த ஒரு சன்னலைப் பார்த்துக்கொண்டு பேசுவாள். அவனுக்கு மணல்வாரி அம்மை வந்தபோது அம்மா வேப்பிலை பறிக்க ஏறி மரத்திலிருந்து விழுந்ததைப் பேசினார்கள். அப்பா செத்த வருஷம் அம்மா தாலிக்கொடியை விற்று அவனுக்குப் பீஸ் கட்டிவிட்டு, ஆவுடையை மட்டும் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தியதைப் பேசினார்கள். “நீ என்னைவிட நல்லாப் படிப்பேல்லாக்கா” என்றான் ஒருநாள். நாற்பத்தொரு வருஷமாக யாராவது சொல்வார்களா என்று அவள் காத்திருந்த வார்த்தை. சொன்னவன் அடுத்த மூச்சில், “அம்மா மொகத்துல ஈ உக்காராமப் பாத்துக்கோ” என்றான். அவள் வெறும் தாருக்கு மேலே முந்தானையால் விசிறினாள்.

பங்குனி பிறந்தது. வருஷத் திதி நெருங்கியது. மகன் இருக்கும்போது மகள்பிள்ளை வைத்த கொள்ளி ஆத்திர அவசரத்துக்கு; திதியையாவது அவன் கொடுக்க வேண்டும், அதற்கு அவனிடம் சொல்லியாக வேண்டும் என்று ஆவுடை சின்னையாவிடம் மெல்ல ஆரம்பித்தாள். அன்று மத்தியானமே சின்னையாவும் முப்பிடாதியும் இன்னும் ஏழெட்டுப் பேரும் வந்து அவள் வீட்டில் உட்கார்ந்தார்கள். கொடுத்த தண்ணீரை எல்லாரும் குடித்தார்கள்.

“அவனுக்கு என்ன கொறை சொல்லு” என்றார் கடைசியில் சின்னையா. “பசி இல்ல. வயசாகல. ஆத்தா செத்த துக்கத்தைக்கூட இன்னும் முழுசா அழல. நம்மள்ல யாருக்குத் தாயி அப்படி வாய்ச்சிருக்கு?”

“வத்தலுக்காவ கேக்கோம்னு நெனச்சிராத மதினி” என்றாள் முப்பிடாதி.

“பின்ன எதுக்காவட்டி?”

முப்பிடாதி தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்தாள். “வத்தலுக்காவத்தான்” என்றாள். அழுதாள். “கெழவி சாவுக்கு முந்தி நாலு வருசம் நான் வீட்டு முத்தத்துல காயப் போட்டு பாதிக்குப் பாதி பூஞ்சை புடிச்சுக் குப்பையில கொட்டுனேன். ஒனக்கு நான் கையெழுத்துப் போட்டுக் குடுத்தேன். இப்பம் நீ எனக்கு ஒண்ணு குடு.”

ஆவுடை சரி என்றாள். உண்மையிலேயே சொல்லக் கூடாது என்றுதான் நினைத்தாள். அடுத்த வாரம் அவள் போய் உட்கார்ந்தபோது அந்த நினைப்போடுதான் உட்கார்ந்தாள். பெண்கள் வரிசையாக வத்தலைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள், வெயில் ஏறி நிழல் நேர் கீழே வந்திருந்தது.

அவன் குரல் அன்றைக்கு வேறு மாதிரி இருந்தது.

“அக்கா, நான் கீழ வந்தா கூட்டமா இருக்கும். பேச முடியாது. போனை அம்மா காதுல வையேன். ஒண்ணு சொல்லணும்.”

“என்னடா சொல்லணும்?”

“உங்கிட்ட இல்லக்கா. அம்மாகிட்ட. வையி.”

ஆவுடை சுற்றிலும் பார்த்தாள். பிறகு போனை வலது காதிலிருந்து இடது காதுக்கு மாற்றினாள், அவ்வளவுதான் அவளால் செய்ய முடிந்தது.

“அம்மா” என்றான். “போன ஆனியில பிளேன் வந்துச்சுல்ல, குத்தாலத்துக்கு ஆள் எறங்குனாங்கள்ல. அதுல நானும் இருந்தேம்மா. நான் எறங்கல. நாப்பது நிமிசம் உள்ளயே இருந்தேன். நான் வந்தது தெரிய வேண்டாம்னு பலவேசத்துகிட்ட சொல்லச் சொன்னேன். நீ வேலிக்கு அந்தப் பக்கம் நின்னே. கையில தூக்குவாளி. ஒவ்வொரு சன்னலாப் பாத்துக்கிட்டே வந்தே. எஞ்சன்னலுக்கு வரும்போது நான் திரையை எறக்கிட்டேன். எறங்குனா ஒரு மணி நேரம் ஆயிரும்னு நெனச்சேம்மா. வேற ஒண்ணும் இல்ல. ஒரு மணி நேரம்னு நெனச்சேன்.”

அந்த ஆனி மாதம் ஆவுடைக்குத் தெரியும். “வேற யாரோ வந்திருக்காவட்டி, எம்மவன் வரல” என்று அம்மா திரும்பி வந்தாள், தூக்குவாளியை அவளிடம் நீட்டினாள். உளுந்தங்களி. சூடு ஆறியிருந்தது. ஆவுடைதான் சாப்பிட்டாள், அம்மா எதிரே உட்கார்ந்து அவள் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். தெரிந்து பார்த்தாளா, தெரியாமல் பார்த்தாளா, இனி அது யாருக்கும் தெரியப்போவதில்லை.

“வச்சியாக்கா?” என்றான். “அம்மாக்குக் கேட்டிருக்கும்லா?”

அவனை இறக்காமல் வைத்திருக்க அவளுக்கு எத்தனையோ நியாயம் இருந்தது, அம்மா முகத்தைப் பற்றிப் பதினோரு மாதம் பொய் சொல்லவும் வாய் பழகிவிட்டது. ஆனால் அம்மாவுக்கென்று அவள் பெற்ற மகன் சேர்த்துவைத்த ஒன்றை, தனக்கென்று வராத ஒன்றை, தூக்குவாளிக் களியைப்போலத் தானே வாங்கித் தின்றுவிட்டு வாயைத் துடைத்துக்கொள்ள ஆவுடையால் முடியவில்லை.

“சங்கரா, எங்கண்ணு” என்றாள். “அம்மா காது இல்லடா. அம்மாவை எரிச்சுப் பதினோரு மாசம் ஆச்சு. நீ வந்த அன்னைக்கே. நான்தான் சொல்லல.”

புரட்டுகிற கைகள் நின்றிருந்தன. முப்பிடாதி கையில் ஒரு கை வத்தலோடு பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மொகத்தை மூடிட்டீங்களா?” என்றான்.

“மூடிட்டோம்டா.”

கணக்குப் பார்க்கிறவனின் குரலில், யாரையும் குறை சொல்லாத குரலில், “அப்பம் நான் யாரைப் பாக்கக்கா எறங்கணும்?” என்றான்.

அவளுக்குப் பதில் தெரியும். பஸ் ரோட்டிலிருந்து, பள்ளிக்கூட வாசலிலிருந்து, நாற்பத்தொரு வருஷமாகத் தெரியும். அண்ணாந்து அந்தச் சன்னலைப் பார்த்தாள். “நான் இருக்கேம்லாடா” என்றாள்.

கேட்டிருக்கும். கேட்டிருந்தால் அதற்கு என்ன சொல்வதென்று அவனுக்கு யாரும் கற்றுக்கொடுத்ததில்லை. சக்கரங்கள் மடிந்தன. பதினோரு மாதமாக இல்லாத சத்தம் எங்கிருந்தோ திரும்பி வந்து ஏரோட்ரத்தை உலுக்க, வாலிலிருந்த பருந்து பதறி எழும்ப, விமானம் மூக்கை நிமிர்த்தி, தென்கிழக்கே திரும்புவதற்காக ஒரு தடவை சரிந்தபோது அந்தச் சன்னல் அவள் தலைக்கு நேரே வந்தது. இத்தனை நாள் தெரிந்த தலையின் கருப்பு அல்ல, முகம் தெரிந்தது. பிறகு வத்தலெல்லாம் காற்றில் எழும்பிச் சிவப்பாகக் கண்ணை மறைத்தது. மறைத்தது விலகியபோது கடல் இருக்கிற திசையில் கடுகளவு ஏதோ இருந்தது. அப்புறம் கடுகும் இல்லை.

யாரும் அவளைத் திட்டவில்லை. பலவேசத்தின் போன் அடித்தது; ஆமா சார், ஆமா சார் என்று நான்கு தடவை சொன்னான். “நாளைக்குக் காலையில ஒம்பது மணிக்கு ஒண்ணு வருதாம். வேலிக்கு ஆளும் வருதாம்” என்றான். விசிலை எடுத்தான், ஊத வாய் வரவில்லை, கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான். பெண்கள் குனிந்து வத்தலை அள்ள ஆரம்பித்தார்கள். ஆவுடையும் அள்ளினாள். பாதி காய்ந்தது, பாதி காயாதது, எல்லாவற்றையும் சாக்கில் கட்டினார்கள். ஒரு மைல் நீளமும் வெறுமையாகிறவரை யாரும் நிமிரவில்லை.

முப்பிடாதி தன் கடைசிச் சாக்கைக் கட்டிவிட்டுப் பக்கத்தில் வந்தாள். கேட்க வேண்டியது எவ்வளவோ இருந்தது அவளுக்கு.

“மொகம் பாத்தியா மதினி?” என்றாள்.

“பாத்துட்டேன்” என்றாள் ஆவுடை.

சின்னையாவின் பம்புசெட்டில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. ஆவுடை கட்டிய சேலையோடு தொட்டியில் இறங்கி, கொண்டையை அவிழ்த்து, குழாய்க்கு அடியில் தலையைக் கொடுத்தாள். அவள் ஏறியதும், எதுவும் கேட்காமல், சாக்கை வரப்பில் சாய்த்துவிட்டு முப்பிடாதி இறங்கித் தலையை நனைத்துக்கொண்டாள். அவளுக்குப் பின்னால் அடுத்தவள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. ஏரோட்ரத்திலிருந்து வந்த பெண்கள் எல்லாரும் வரிசையாக நின்று, ஒருத்திக்குப் பின் ஒருத்தியாக முழுகி எழுந்தார்கள், தண்ணீர் மிளகாய்ச் சிவப்பாக வாய்க்காலில் ஓடியது. ஈரச் சேலையோடு ஆவுடையின் வாசல் வரைக்கும் கூடவே நடந்து வந்தார்கள். வந்து, கொஞ்ச நேரம் நின்றார்கள். பிறகு சாவு விழுந்த வீட்டிலிருந்து போகிறவர்கள் போவதுபோல, போய்விட்டு வருகிறேன் என்று ஒருத்தியும் சொல்லாமல், ஒவ்வொருத்தியாகத் திரும்பிப் போனார்கள்.